புல் குட்டை பாய்ந்தால் எங்கே தேடுவது: எபிக்ளோ பூஞ்சையின் சமிக்ஞைப் புரதங்களில் பிழை காணும் வழி

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. டர்பனில் முதுகலை படிக்கும் தம்பி ஒருவன் மூன்று தொட்டிகளின் படத்தை அனுப்பிக் கேட்டிருந்தான்: "அக்கா, பூஞ்சையில் ஒரே ஒரு மரபணுவைத்தான் எடுத்தோம். இரண்டு தொட்டியில் புல் செத்துக்கொண்டு வருகிறது. பூஞ்சை பலவீனமாகிவிட்டதா?"

பலவீனம் இல்லை. அந்தத் தொட்டிகளில் பூஞ்சை அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது. புல்லுக்குள் வாழும் பூஞ்சையை வளரவைக்கும் புரதங்களை நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். அதை அடக்கி வைக்கும் புரதங்களும் உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அவனுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து, அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

பேசப்போவது எபிக்ளோ ஃபெஸ்டூக்கே என்ற பூஞ்சையும் பல்லாண்டு ரைகிராஸ் புல்லும் சேர்ந்து வாழும் வாழ்வைப் பற்றி. இந்தத் துறையின் முக்கிய வேலை நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த்தில் பேரி ஸ்காட் குழுவிலும், அவர்களோடு சேர்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் ஐகோ தனாகா, டைகோ தகெமோட்டோ ஆகியோராலும் நடந்தது. நமக்கும் இது அந்நியமான விஷயம் இல்லை. குவாசூலு நட்டால் மேட்டுநிலத்தில் கிக்குயூ புல்லோடு ரைகிராஸ் விதைத்துத்தான் பல பால் பண்ணைகள் குளிர்காலத்தைத் தள்ளுகின்றன. கரூ பக்கம் ஆடுமாடுகளைத் தள்ளாட வைக்கும் 'த்ரோங்க்ஹ்ராஸ்' என்ற மெலிக்கா புல்லுக்குள் இருப்பதும் இதே எபிக்ளோ பேரினத்துப் பூஞ்சைதான்.

முதலில், நல்ல செடி எப்படி இருக்கும்

இதைப் பார்க்காமல் நோயைத் தேடாதீர்கள். பூஞ்சை இல்லாத செடி, அசல் வகைப் பூஞ்சை உள்ள செடி, மரபணு நீக்கிய பூஞ்சை உள்ள செடி, மூன்றும் ஒரே நாளில், ஒரே மண்ணில், ஒரே வெளிச்சத்தில் நட்டவையாக இருக்க வேண்டும். அசல் பூஞ்சை உள்ள செடியையும் பூஞ்சை இல்லாத செடியையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதுதான் ஆரோக்கியம்.

உள்ளே பார்க்க, இன்னும் பச்சையாக இருக்கும் இலையுறைகளில் வயதானதை எடுத்து, அதன் உட்பக்கத் தோலை மெல்ல உரித்து, அனிலின் நீலத்தில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வையுங்கள். பூஞ்சையிழைகள் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில், இலையின் நீளவாக்கில், லேசாக நெளிந்தபடி ஓடும். ஓர் இடைவெளியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கிளை அரிது. செல்லுக்குள் நுழைவதில்லை.

இந்த ஒழுங்கு எப்படி வருகிறது என்பது மிக அழகான விஷயம். பூஞ்சைகள் பொதுவாக நுனியில்தான் வளரும். எபிக்ளோ இலைக்குள் போனதும் செல் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இலை நீளும்போது இழையும் தன் உடல் நெடுகிலும் நீண்டுகொடுக்கிறது. இலை நீள்வது நின்றால் இழை நீள்வதும் நிற்கும். ஆனால் இழை சாகாது, உயிரோடுதான் இருக்கும். நீங்கள் தேடப்போகும் பிழைகள் பெரும்பாலும் இந்த நிற்றலில் வருபவை.

அறிகுறி: செடி நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே பூஞ்சையே இல்லை

சமிக்ஞைப் புரதத்தை இப்போது தொடாதீர்கள். பத்தில் ஒன்பது முறை இது கைவேலைப் பிழை.

நாற்றில் பூஞ்சை ஏற்றும் முறை 1985இல் லாட்சும் கிறிஸ்டென்சனும் வெளியிட்டது. விதையைக் கிருமி நீக்கி, நீர் அகரில் இருட்டில் முளைக்க வைத்து, வெளிறிய நாற்றின் குருத்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கீறல் போட்டு, அதற்குள் பூஞ்சையை வைக்க வேண்டும். கீறல் குருத்துக்கு மேலே போனால் அந்த இலையில் மட்டும் கொஞ்ச நாள் பூஞ்சை இருந்துவிட்டு மறையும். குருத்தையே வெட்டிவிட்டால் நாற்று போய்விடும். அரிசி அளவுகூட இல்லாத இடம் அது. கை பழக நிறைய நாற்றுகளைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பூஞ்சை வைத்த தட்டு பழசா என்றும் பாருங்கள். எபிக்ளோ மெதுவாக வளர்வது. உருளைக்கிழங்கு அகரில் 22° செல்சியஸில் வைத்து, ஓரத்தில் புதிதாக வளர்ந்த பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். லோட் ஷெடிங் என்ற முறை மின்வெட்டு அடிக்கடி இருந்த நாட்களில் வளர்ப்பறை ஆறு மணி நேரம் அணைந்து, பிப்ரவரி வெக்கையில் உள்ளே 30 தாண்டியதை நான் குறித்து வைத்திருக்கிறேன். அந்த வாரத்துத் தட்டுகளிலிருந்து ஏற்றிய நாற்றுகள் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. வளர்ப்பறைக்குள் உச்ச வெப்பத்தைப் பதியும் ஒரு வெப்பமானியைப் போட்டு வையுங்கள். காலையில் வந்து பார்க்கும்போது 22 காட்டுவது இரவில் நடந்ததைச் சொல்லாது.

செடியில் பூஞ்சை ஏறியதா என்று உறுதி செய்ய ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். தூரின் அடியை வெட்டி, நைட்ரோசெல்லுலோஸ் தாளில் அழுத்தி, எபிக்ளோவுக்கு எதிரான ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பது வேகமான வழி. ஒரே செடியில் சில தூர்களில் பூஞ்சை இருந்து சிலவற்றில் இல்லாமல் போகலாம். ஆகவே குறைந்தது மூன்று தூர் பாருங்கள்.

அறிகுறி: பூஞ்சையே ஏற்றாத செடியிலும் பூஞ்சை இருக்கிறது

கடையில் வாங்கிய மேய்ச்சல் விதையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். எபிக்ளோ தாய்ச் செடியிலிருந்து விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. புல்லைப் பூச்சியிடமிருந்து காப்பதால் விதை நிறுவனங்களே பூஞ்சையோடு விற்பதும் உண்டு. சோதனைக்குப் பூஞ்சை இல்லாத விதை என்று உறுதி செய்யப்பட்டதை மட்டும் வாங்குங்கள், வாங்கிய பிறகும் ஒரு கைப்பிடி முளைக்க வைத்துச் சோதியுங்கள்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் நம் கடற்கரையில் உண்டு. பூஞ்சையோடு வந்த விதையை அலமாரியில் வைத்திருந்தால், டர்பன் கோடையின் ஈர வெக்கையில் விதை சாவதற்கு முன்பே உள்ளிருக்கும் பூஞ்சை செத்துவிடும். விதை முளைக்கும், செடி வரும், பூஞ்சை வராது. காய்ந்த நிலையில், காற்றுப் புகாத பையில், குளிர்பெட்டியில் 5° அளவில் வையுங்கள். ஆயா வீட்டில் விதை நெல்லைப் பத்திரப்படுத்துகிற அதே கவனம் இதற்கும் வேண்டும்.

அறிகுறி: செடி குட்டை பாய்கிறது, தூர் தூராக வெடிக்கிறது, சீக்கிரம் பழுத்துச் சாகிறது

தம்பி அனுப்பிய படம் இதுதான். நுனிக் குருத்தின் ஆதிக்கம் போய், பக்கத்தில் தூர்கள் கண்டபடி கிளம்பும். நெல்லில் தூர் வெடித்தால் மகிழ்வோம். இங்கே அது ஆபத்துக் குறி.

முதல் வேலை, தோலை உரித்து உள்ளே பார்ப்பது. இடைவெளிக்கு ஓர் இழை என்ற ஒழுங்கு போய், இழைகள் கிளை கிளையாய்ப் பிரிந்து, கொத்தாக நெருக்கியடித்து நின்றால், பூஞ்சையின் கட்டுப்பாடு உடைந்திருக்கிறது. இழைகள் ஒழுங்காகவே இருந்தால் செடியின் குட்டைக்குக் காரணம் வேறு: தொட்டி, உரம், வேர் அழுகல்.

கட்டுப்பாடு உடைந்தது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது நாக்ஸ் கூட்டைத்தான். நாக்ஸ்-ஏ என்பது ஓர் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ். ஆக்சிஜனை சூப்பராக்சைடாக மாற்றும், அது பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடாகும். 2006இல் தனாகாவும் மற்றவர்களும் காட்டியது இதுதான்: அசல் பூஞ்சை இருக்கும் செடியில், பூஞ்சைக்கும் செடியின் செல் சுவருக்கும் இடைப்பட்ட இடத்தில் இந்த வினைமிகு ஆக்சிஜன் சேர்கிறது. நாக்ஸ்-ஏ இல்லாத பூஞ்சையில் சேரவில்லை, இழை கட்டுக்கடங்காமல் பெருகியது, செடி செத்தது. ஆக்சிஜனின் இந்தக் காரமான வடிவத்தை நாம் எப்போதும் சேதத்தோடு சேர்த்துத்தான் படித்திருக்கிறோம். இங்கே அது 'இதோடு நிறுத்து' என்ற சேதியைக் கொண்டுபோகிறது. முதல் தடவை அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

நாக்ஸ்-ஏ தனியாக வேலை செய்யாது. அதைக் கிளப்ப நாக்ஸ்-ஆர் என்ற ஒழுங்குபடுத்தும் புரதம் வேண்டும். அந்த நாக்ஸ்-ஆரோடு ராக்-ஏ என்ற சிறிய ஜிடிபியேஸ் வந்து சேர வேண்டும். ராக்-ஏ, குவானோசின் டிரைபாஸ்ஃபேட் என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது விழித்திருக்கும், அது உடைந்து குவானோசின் டைபாஸ்ஃபேட் ஆனதும் உறங்கும். அதை எழுப்பும் வகையைச் சேர்ந்த சிடிசி-24, எல்லாரையும் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் பெம்-ஏ ஆகிய இரண்டும் நாக்ஸ்-ஆரோடு இணைகின்றன என்று 2011இல் தெரியவந்தது. நம் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் ஆக்சிடேஸும் இதே அமைப்புதான். நாக்ஸ்-ஆர் அங்கே உள்ள பி-67-ஃபாக்ஸ் என்ற புரதத்தின் உறவு.

இதில் யார் உடைந்தார் என்று எப்படிப் பிரிப்பது? செடியை வைத்துப் பிரிக்க முடியாது. நாக்ஸ்-ஏ, நாக்ஸ்-ஆர், ராக்-ஏ, எது போனாலும் செடி குட்டையாகும். தட்டுக்குப் போங்கள். ராக்-ஏ போயிருந்தால் பூஞ்சை தட்டிலேயே சிறிய வட்டமாக, அதிகக் கிளைகளோடு வளரும். நாக்ஸ்-ஏ போயிருந்தால் தட்டில் பரப்பளவு பெரிதாகக் குறையாது, செடிக்குள் போன பிறகுதான் சுயரூபம் தெரியும். நாக்ஸ்-பி என்று இன்னொரு ஆக்சிடேஸ் மரபணு இதே பூஞ்சையில் உண்டு. அதை நீக்கினால் கூட்டுவாழ்வு கெடுவதில்லை, ஆகவே இந்த அறிகுறிக்கு அதன் பின்னால் அலைய வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தட்டில் கோணலாக இருப்பதெல்லாம் செடியிலும் கோணலாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எப்போதும் விழித்தே இருக்கும்படி மாற்றிய ராக்-ஏ உள்ள பூஞ்சை, தட்டில் நுனி வளர்ச்சியும் கிளையும் கெட்டுப்போய்த் தெரியும். அதையே செடிக்குள் ஏற்றினால் அசல் வகையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 2008இல் வந்த முடிவு இது. செடி தன் பங்குக்குப் பூஞ்சையை ஒழுங்கில் வைக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

அறிகுறி: தூரின் அடி வெங்காயம் போல் வீங்குகிறது, அடியில் சிவப்பு இல்லை

குட்டையாவதோடு இதுவும் சேர்ந்து வந்தால் சாக்-ஏவை நினையுங்கள். அழுத்தத்தைத் தாங்கும் பாதையில் உள்ள எம்ஏபி கைனேஸ், அதாவது செல்லுக்குள் சேதியைக் கடத்தும் நொதி அது. பூஞ்சைகளில் உப்பு, வெக்கை போன்ற தொல்லைகளை உணரும் பாதை இதுதான். 2010இல் ஈட்டனும் மற்றவர்களும் இதை நீக்கியபோது பூஞ்சை நண்பன் நிலையிலிருந்து நோய்க்கிருமி நிலைக்கு மாறியது. ஆர்என்ஏ கணக்கெடுத்துப் பார்த்ததில், செல் சுவரைக் கரைக்கும் நொதிகளின் மரபணுக்களும் சத்தைக் கடத்தும் புரதங்களின் மரபணுக்களும் ஏறியிருந்தன. இரண்டாம் நிலை வேதிப்பொருட்களைச் செய்யும் மரபணுத் தொகுதிகள் பல இறங்கியிருந்தன. பூஞ்சை புல்லுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, அதனிடமிருந்து பிடுங்கத் தொடங்கிவிட்டது என்று இதைப் படிக்கிறேன்.

ரைகிராஸ் தூரின் அடியில் இருக்கும் அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் நிறமி. வெளிச்சம் குறைந்தாலே அது மங்கும். நிழலில் வைத்த தொட்டியைப் பார்த்து சாக்-ஏ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் அசல் வகைச் செடியின் அடி சிவந்திருக்க வேண்டும், அப்போதுதான் மற்றதில் இல்லாதது பொருள் பெறும்.

அறிகுறி: தட்டில் இழைகள் ஒன்றோடொன்று இணையவில்லை

செடிக்காக மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு இது வரம். அசல் எபிக்ளோவை மெல்லிய நீர் அகரில் பரப்பி வளர்த்தால், வட்டத்தின் உள்பகுதியில் பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றை ஒன்று தேடிப்போய் இணைந்து வலையாகும். சத்து மிகுந்த அகரில் இதைப் பார்ப்பது கடினம். இழைகள் அடர்ந்து மேலே கிளம்பிவிடும், இணைந்ததா குறுக்கே போகிறதா என்று தெரியாது. இணைவு என்று எழுதுவதற்கு முன், இரண்டு இழைகளுக்கும் நடுவே சுவர் இல்லை என்று கால்கோஃப்ளூர் சாயத்தில் உறுதி செய்யுங்கள்.

இந்த இணைவு இல்லாமல் போகும் பூஞ்சைகளில் பலவும் செடிக்குள் போனால் செடியைக் கெடுக்கின்றன. செல் சுவர் பாதையின் எம்பிகே-ஏ கைனேஸ், 'சோ' என்ற மரபணு, ப்ரோ-ஏ என்ற படியெடுப்புக் காரணி (மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம்), மாப்-சி, சிம்-பி, சிம்-சி, நாக்ஸ் கூட்டும் கூட. எதை நீக்கினாலும் இணைவும் போகிறது, கூட்டுவாழ்வும் போகிறது. செடிக்குள் பரவியிருக்கும் பூஞ்சை ஒரே வலையாக இருந்தால்தான் 'நில்' என்ற சேதி எல்லா இழைக்கும் போய்ச் சேரும் என்று நான் நம்புகிறேன். இணைவு போன தட்டை வைத்து எந்தப் புரதம் என்று சொல்ல முடியாது என்பதையும் மறக்காதீர்கள். ஒரு குடும்பத்தையே அது காட்டுகிறது. எம்பிகே-ஏ என்றால் கூடுதல் தடயம் ஒன்று உண்டு: இழைக்குள் இன்னோர் இழை வளர்வது.

அறிகுறி: நைட்ரோ புளூ சாயத்தில் எல்லாமே நீலமாக வருகிறது

இந்தச் சாயம் சூப்பராக்சைடு பட்டால் நீலமாகும். ஆனால் சூப்பராக்சைடு மைட்டோகாண்ட்ரியாவிலும் உருவாகிறது. நீலம் வந்தால் நாக்ஸ் வேலை செய்கிறது என்று பொருள் இல்லை. நீலம் எங்கே, இழையின் நுனியிலா உடலிலா என்று பாருங்கள், அசல் வகையோடு ஒரே நிமிடக் கணக்கில் ஒப்பிடுங்கள். நாக்ஸை முடக்கும் டிபிஐ என்ற வேதிப்பொருளைப் போட்டால் நீலம் நின்றது என்பதும் தனியாகச் சான்றாகாது. அது ஃபிளேவின் உள்ள பல நொதிகளையும் சேர்த்துத்தான் முடக்கும்.

அறிகுறி: ஒரே மரபணுவை நீக்கிய மூன்று வகைகளில் ஒன்று மட்டும் நன்றாக இருக்கிறது

அல்லது இதன் மறுபக்கம்: மரபணுவைத் திருப்பிக் கொடுத்தும் செடி தேறவில்லை. இரண்டுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றே, பூஞ்சைக்குள் நாம் போட்ட டிஎன்ஏ எங்கே போய் உட்கார்ந்தது என்பது.

எபிக்ளோவில் நாம் செலுத்தும் டிஎன்ஏ, குறிவைத்த இடத்தை விட்டு வேறெங்காவது போய் ஒட்டுவது சாதாரணம். செலுத்திய டிஎன்ஏ புகுந்த பூஞ்சை மட்டுமே பிழைக்கும்படி மருந்து போட்ட தட்டில் பூஞ்சை வளரும், ஆனால் குறிவைத்த மரபணு அப்படியே இருக்கும். கேயு-80 போன்ற ஒட்டுப்போடும் மரபணு நீக்கிய தாய்வகையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும். எப்படியானாலும் இடது எல்லை, வலது எல்லை, நடுவில் மரபணு இல்லை என்ற மூன்று பிசிஆரும், எத்தனை பிரதி புகுந்தது என்று சதர்ன் சோதனையும் செய்யாமல் செடிக்குப் போகாதீர்கள். ஒரு தட்டில் மாறிய உட்கருவும் மாறாத உட்கருவும் கலந்தும் இருக்கலாம். இழை நுனியிலிருந்தோ ஒற்றை வித்திலிருந்தோ மூன்று முறை பிரித்து வளர்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது மரபணுவின் சொந்த முன்பகுதியோடு, அதாவது அதை இயக்கும் ப்ரொமோட்டரோடு கொடுங்கள். ஒழுங்குபடுத்தும் புரதங்களுக்கு எப்போது, எங்கே, எவ்வளவு என்பதுதான் உயிர். எந்நேரமும் ஓடும் முன்பகுதியை மாட்டினால், பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரலாம். திருப்பிக் கொடுத்த வகையைப் பழைய நோய்ச் செடிக்குள் ஏற்ற முடியாது. புது நாற்றில் ஏற்றி, மறுபடி எட்டு வாரம். இந்தக் காத்திருப்புக்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

தம்பியின் தொட்டிகளுக்கு வருகிறேன். அவன் எடுத்தது நாக்ஸ்-ஆர். முதல் இரண்டு தொட்டியில் செடி குட்டை, தோலை உரித்துப் பார்த்தால் இழைகள் கொத்துக் கொத்தாய். மூன்றாவதில் பச்சைப் பசேல் என்று புல். "இது தேறிக்கொண்டது போல" என்று எழுதியிருந்தான். எல்லைப் பிசிஆரை மறுபடி ஓட்டச் சொன்னேன். ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை ஜெல் படம் வந்தது. மூன்றாவதில் நாக்ஸ்-ஆர் அப்படியே முழுசாக இருந்தது. செலுத்திய டிஎன்ஏ வேறிடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அந்தத் தொட்டியைத் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதே மருந்து, அதே கீறல், அதே மண் எல்லாவற்றையும் கடந்து வந்தும் நாக்ஸ்-ஆர் இருந்ததால் புல் நன்றாக இருக்கிறது என்று காட்ட, அதைவிட நல்ல ஒப்பீட்டுச் செடி அவனுக்குக் கிடைக்காது.